டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவரோரம் கயாக்: நீச்சல் தெரியாத மனைவியை அழைத்துப் போகலாமா?

இசார்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். செப்டம்பர் இரண்டாம் வாரம் நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன் மூவரும் குரோவேசியா போகிறோம். அதில் நான்கு நாள் டுப்ரோவ்னிக். கோட்டைச் சுவருக்குக் கீழே வரிசையாகக் கயாக்குகள் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான சின்னப் படகுகள்) போவதைப் பையன் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டான். ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சுதான்.

நான் பார்த்தவரை எல்லாமே வழிகாட்டியோடு போகும் மூன்று மணி நேரச் சுற்று. பழைய நகரத்தின் பிலே வாசலுக்குக் கீழே இருக்கும் சின்னக் குடாவில் கிளம்பி, லோக்ரும் தீவைச் சுற்றி, பெட்டினா குகையில் கொஞ்சம் நின்று, சுவரோரமாகவே திரும்புகிறார்கள். இருவர் உட்காரும் கயாக்.

என் கவலை இதுதான். மனைவிக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. பையன் இங்கே நீச்சல் வகுப்பில் வெண்கலச் சான்று வாங்கியவன், எனக்கும் குளத்தில் ஒரு மணி நேரம் நீந்த வரும். ஆனால் நாங்கள் மூவருமே கடலில் துடுப்பு பிடித்ததில்லை. லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள், "முன் அனுபவம் தேவையில்லை" என்றும் போட்டிருக்கிறார்கள். அதை எவ்வளவு நம்பலாம்? காலையா, சூரியன் மறையும் நேரமா? இடையில் தரும் சாண்ட்விச்சில் சைவம் கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராட்ஸ்வாசி எழுதியது:

சகோ, 2022-இல் போனோம். சைவம் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பன்றி இறைச்சி வைத்ததைத்தான் நீட்டுவார்கள். சொன்னால் சீஸ் வைத்துத் தருகிறார்கள். தண்ணீருக்குள் போடும் ரப்பர் செருப்பு மூவருக்கும் கண்டிப்பாக வேண்டும். அந்தக் கரை முழுக்கப் பாறைதான், இடுக்கெல்லாம் கடல் முள்ளெலி. என் மச்சான் ஒரு முள்ளை எடுக்க இரண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2023 ஜனவரியிலிருந்து அங்கே யூரோதான், ஷெங்கனும் வந்துவிட்டது. ஜெர்மன் வதிவிட அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். கயாக் பற்றி மணப்பாட்டு அக்கா வந்து சொல்வார், அவருக்குத்தான் கடல் தெரியும்.

மணப்பாட்டுக்காரி எழுதியது:

தம்பி, கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் எந்த நேரத்தில், யாரோடு, எந்தப் படகில் என்பதையெல்லாம் பார்த்துத்தான் போக வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்தது மணப்பாடு. அப்பா முதலில் கட்டுமரம், பிறகு வள்ளம். இப்போது வியன்னாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். டுப்ரோவ்னிக்கில் இந்தச் சுற்றை இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தப்பாகப் போனது, இரண்டாம் முறை நன்றாகப் போனது. முதலில் தப்பாகப் போனதைச் சொல்கிறேன்.

2019 ஜூலை. அக்கா மகளுக்குப் பதினான்கு வயது, அவளோடு மதியம் இரண்டு மணிச் சுற்றில் போனேன். பதினொரு படகுகளுக்கு ஒரே வழிகாட்டி. கரையில் துடுப்பைக் காற்றில் இரண்டு தடவை ஆட்டிக் காட்டினார், அவ்வளவுதான் பயிற்சி. லோக்ரும் போகும்போது ஒரு சிரமமும் இல்லை, காற்று முதுகில் தள்ளியது. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றில் ஒரு சங்கடம். போகும்போது தள்ளுகிற காற்று வரும்போது மார்பில் அடிக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியே ஆனது. திரும்பும்போது வழிகாட்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தார், பின்னால் பார்க்கவே இல்லை. பிள்ளைக்குக் கட்டைவிரல் ஓரம் கொப்புளம் உடைந்து துடுப்பு பிடிக்க முடியவில்லை. சுற்றுலாப் படகு ஒன்று வேகமாகக் கடந்தது, அதன் அலையில் எங்கள் கயாக் குறுக்கே திரும்பிச் சுவர்ப்பக்கம் போய்விட்டது. சுவருக்கு வெளியே பாறையில் ஒரு காப்பிக்கடை உண்டு, அங்கேயிருந்து பிள்ளைகள் கடலில் குதித்து விளையாடுவார்கள். குதித்த ஒரு பையன் நீந்தி வந்து எங்கள் படகின் முன்முனையைப் பிடித்து வெளியே திருப்பிவிட்டான். அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடலைப் பற்றி விசாரித்தேன். அங்கே மூன்று காற்றுகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

மேஸ்திரால் கோடையின் நல்ல காற்று, வடமேற்கிலிருந்து வரும். காலை பத்து பதினொன்றுக்கு எழும்பி, பிற்பகலில் பலத்து, சூரியன் விழும்போது அடங்கும். பிலேயிலிருந்து லோக்ரும் தென்கிழக்கே இருக்கிறது. அதனால் போகும்போது தள்ளும், வரும்போது எதிர்க்கும். மதியச் சுற்று வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

யூகோ தென்கிழக்குக் காற்று. ஈரமும் புழுக்கமுமாக வரும். திடீரென்று வராது. இரண்டு மூன்று நாள் அலையைத் திரட்டிக்கொண்டே இருக்கும், வானம் சாம்பல் பூக்கும். லோக்ருமின் வெளிப்பக்கம் திறந்த கடல், யூகோ நாளில் அங்கே பாறையில் அடிக்கிற அலைச்சத்தம் நகரத்திலேயே கேட்கும். அன்றைக்குச் சுற்றை ரத்து செய்தால் வருத்தப்படாதீர்கள், ரத்து செய்கிறவர்கள் பொறுப்பானவர்கள்.

மூன்றாவது பூரா. வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, கோடையைவிட குளிர்காலத்தில்தான் அதிகம். கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத் தெரியும், அதுதான் ஏமாற்றும். காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

இரண்டாம் முறை 2023 செப்டம்பரில் போனேன். காலை எட்டரை மணிச் சுற்று, ஐந்தே படகு, இரண்டு வழிகாட்டிகள். மூத்தவர் ஒரு பெண். கரையில் ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்டார்: நீச்சல் தெரியுமா, தோளில் வலி உண்டா, கடலில் விழுந்தால் பயப்படுவாயா? பிறகு முழங்கால் ஆழத்தில் எல்லோரையும் ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறச் சொன்னார். பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி எழுதி அனுப்புங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை படகு? நீச்சல் தெரியாதவரோடு ஒரு வழிகாட்டி அதே படகில் உட்காருவாரா? இரண்டாவது கேள்விக்குச் சரி என்று பதில் வரும் இடத்தில் பணம் கட்டுங்கள். என்னிடம் ஆளுக்கு நாற்பது யூரோ வாங்கினார்கள், ஐந்து பத்து கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

நீங்களும் மகனும் ஒரு படகு. பலமுள்ளவர் பின்னால் உட்கார வேண்டும், திருப்புவது பின்னாலிருப்பவர்தான். முன்னாலிருப்பவர் தாளம் போடுவார், நீங்கள் அவன் துடுப்பைப் பார்த்தே போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துடுப்பும் ஒன்றோடொன்று இடிக்கும். கையால் இழுக்காதீர்கள், இடுப்பைத் திருப்பி இழுங்கள். பிடி தளர்வாக இருந்தால் கொப்புளம் வராது.

இப்போது சுவரைப் பற்றி. அந்த நகரத்தை மேலே நடந்து பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். சுவர் சுற்றளவு 1,940 மீட்டர், சில இடத்தில் 25 மீட்டர் உயரம் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. கீழே தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் அது எதற்காகக் கட்டினார்கள் என்று உடம்புக்குப் புரியும். முதலில் கரும்பாறை, அதன்மேல் உப்பு பூத்து வெளுத்த கல், அதற்கும் மேலே ஒரு சின்ன ஜன்னல், அதில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று சில இடத்தில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1667 ஏப்ரல் 6-இல் வந்த நிலநடுக்கத்தில் உள்ளே இருந்த நகரம் பெரும்பாலும் விழுந்துவிட்டது. சுவர் நின்றது.

ஆசைப்பட்டு மிகவும் ஒட்டிப் போகாதீர்கள். வருகிற அலை சுவரில் மோதித் திரும்பும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் வரிசையாக வராது, கூம்பு கூம்பாக நின்ற இடத்திலேயே எழும்பும். கயாக் எந்தப் பக்கம் சாயும் என்று யூகிக்க முடியாது. இருபது மீட்டர் தள்ளிப் போனால் அது குறைந்துவிடும். 2019-இல் நாங்கள் மாட்டிக்கொண்டது அந்தக் கூம்புகளுக்குள்தான்.

பெட்டினா குகையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பிலேயிலிருந்து கிழக்கே, கடல் வழியாக மட்டும் போகக்கூடிய குகை. உள்ளே வெள்ளைக் கூழாங்கல், தண்ணீர் கண்ணாடி. வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் ஆடுகிறது. கணித அறிஞர் மரின் கெட்டால்டிச் (1568–1626) அங்கேதான் ஒளியை வைத்துப் பரிசோதனை செய்தாராம். அவருடைய செல்லப்பெயர் பேட்டே, அதிலிருந்து வந்ததுதான் குகையின் பெயர். பரவளைய ஆடி செய்து வெயிலை ஒரு புள்ளியில் குவித்தவர். எங்கள் ஊரிலும் கடலோரம் ஒரு குகை உண்டு, 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியது. சின்ன வயதில் அதற்குள் உட்கார்ந்து கேட்ட அதே அலைச்சத்தத்தை பெட்டினாவுக்குள் கேட்டேன். கூழாங்கல்லை அலை பின்னால் இழுக்கும்போது வரும் சத்தம் மட்டும் வேறு. எங்களுடையது மணல், அது பெருமூச்சு மாதிரி. அங்கே யாரோ அரிசி புடைப்பது போல இருக்கும்.

கல்லும்கதையும் எழுதியது:

அக்கா எழுதியதோடு எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

கிளம்பும் குடாவின் மேற்கே 37 மீட்டர் பாறைமேல் நிற்பது லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. அதன் கடல்பக்கச் சுவர் 12 மீட்டர் வரை தடிமன். நகரத்தைப் பார்த்த சுவர் வெறும் 60 சென்டிமீட்டர். கோட்டையின் தளபதியே நகரத்துக்கு எதிராகத் திரும்பினால் அந்தப் பக்கத்தை எளிதில் உடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு. டுப்ரோவ்னிக் அப்போது தனிக் குடியரசு, ஒரு மாதத்துக்கு மேல் யாரையும் ஆட்சித் தலைவர் நாற்காலியில் விடாத குடியரசு. அந்தச் சந்தேகம்தான் 1808 வரை அவர்களைத் தனியாக நிற்க வைத்தது என்று நான் நினைக்கிறேன். வாசலுக்கு மேலே லத்தீனில் பொறித்திருப்பது: உலகத்துப் பொன் அத்தனைக்கும் சுதந்திரத்தை விற்பது நன்றன்று.

திரும்பும் வழியில் பழைய துறைமுகத்துக்குக் கிழக்கே, தண்ணீரை ஒட்டி வரிசையாகக் கல் கட்டடங்கள் வரும். அவை லாசரெட்டி, வருகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1377-இலேயே, நோய் உள்ள ஊரிலிருந்து வருபவர் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகுதான் நகருக்குள் வரலாம் என்று சட்டம் போட்டவர்கள். முதலில் சாவ்டாட் பக்கத்துக் குட்டித் தீவுகளில் வைத்தார்கள், இந்தக் கட்டடங்கள் பிறகு வந்தவை. கப்பலில் வந்தவர்கள் முதலில் பார்த்த காட்சியை, அவர்கள் பார்த்த அதே உயரத்திலிருந்து கயாக்கில்தான் பார்க்கலாம்.

சுவருக்கு மேலே தெரியும் கூரை ஓடுகளில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் நிறைய இருக்கும். 1991 முற்றுகையில் குண்டு விழுந்து உடைந்தவற்றுக்குப் பதில் போட்டவை. மங்கலானவை பழையவை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. காலையில் அந்தச் சுவரின் மேற்குப் பக்கம் நிழலில் இருக்கும். மாலையில் கல் தேன் நிறமாக மாறும். மேஸ்திரால் அடங்கும் நேரத்தில் திரும்புவதால் எதிர்காற்றும் குறைவு. மாலைதான் என் பரிந்துரை.

மணப்பாட்டுக்காரி எழுதியது:

நீங்கள் சொல்வது சரிதான், நன்றாகத் துடுப்பு போடுகிறவர்களுக்கு மாலை அழகு. ஆனால் மாலைச் சுற்று காற்று பலமாக இருக்கும்போதே கிளம்பும். நீச்சல் தெரியாத ஒருவர் முதல் அரை மணி நேரத்தில் பயந்துவிட்டால் மீதி இரண்டரை மணி நேரம் அவருக்கு வேதனை. அவர் முதலில் அமைதியான தண்ணீரைப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் ஏழு மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும், கொஞ்சம் பிந்தினாலும் இருட்டு. நான் காலையிலிருந்து இறங்க மாட்டேன்.

இசார்க்கரை எழுதியது:

அக்கா, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கவிழ்ந்தால் என்ன செய்வது?

மணப்பாட்டுக்காரி எழுதியது:

தங்கச்சியிடம் சொல்லுங்கள், நல்ல கேள்வி, அதைக் கரையில் இருக்கும்போதே கேட்டது நல்லது.

அங்கே சுற்றுலாவுக்குத் தருவது பெரும்பாலும் மேலே உட்காரும் வகைக் கயாக். கால் உள்ளே மாட்டிக்கொள்ளாது. கவிழ்ந்தால் ஆள் தானாக வெளியே விழுவார், ஜாக்கெட் உடனே மேலே தூக்கும். முதல் மூன்று விநாடி மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறும், கண் எரியும், அதுதான் மோசமான பகுதி. அந்த மூன்று விநாடியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கைக்குக் கிடைக்கிற கயிற்றையோ படகின் விளிம்பையோ பிடித்துக்கொள்வது. படகு மூழ்காது. நீந்த முயற்சி செய்யக் கூடாது, துடுப்பைத் துரத்தவும் வேண்டாம்.

மற்றவர் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறுபவர் காலைப் பின்னால் நீட்டி, மீன் வாலடிப்பது போல உதைத்து, வயிறு படகின் குறுக்கே வரும்வரை தன்னை இழுக்க வேண்டும். வயிறு வந்ததும் அவசரப்பட்டு எழக் கூடாது. அப்படியே மல்லாந்து புரண்டு, உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுக்க வேண்டும். எழுந்து ஏறப் பார்க்கிறவர்கள்தான் மறுபடி விழுகிறார்கள்.

ஜாக்கெட்டின் பட்டையைத் தோளில் பிடித்து நீங்களே மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை வந்தால் அது தளர்வு, இன்னொரு அளவு கேளுங்கள். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ன்பெர்க் ஏரிக்குப் போய், வாடகைக்குக் கயாக் எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் நான்கு முறை கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள். நான் என் அக்கா மகளுக்கு அப்படித்தான் பிறகு சொல்லிக்கொடுத்தேன். முன்பே செய்யாமல் போனது என் தவறு.

படகுகளை ஒன்றோடொன்று சேர்த்து, பக்கத்துப் படகின் விளிம்பை ஒவ்வொருவரும் பிடித்துக்கொண்டால் மொத்தமும் ஒரு தெப்பம் மாதிரி ஆகிவிடும். பெரிய படகின் அலை வந்தால் வழிகாட்டி அப்படிச் சேரச் சொல்வார். பயம் வந்தால் தங்கச்சி அதைத் தானே கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. குரோவேசியாவில் கடல் மீட்புக்கு 195, தண்ணீர் புகாத பைக்குள் இருக்கும் போனில் போட்டு வையுங்கள்.

இசார்க்கரை எழுதியது:

போய் வந்தாயிற்று. உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்டார்ன்பெர்க்கில் இரண்டு ஞாயிறு பழகினோம். முதல் முறை கவிழ்ந்தபோது மனைவி அழுதுவிட்டாள். நான்காம் முறை தானே புரண்டு உட்கார்ந்தாள்.

மூன்று இடத்துக்கு எழுதினோம். இரண்டு இடத்தில் "கவலை வேண்டாம், ஜாக்கெட் இருக்கிறது" என்று மட்டும் பதில். மூன்றாமவர் இரண்டாவது வழிகாட்டியை அவள் படகில் உட்கார வைப்பதாக எழுதினார். அங்கேதான் போனோம், காலை எட்டரை, ஆறு படகு. முதல் நாள் யூகோ என்று ரத்து செய்தார்கள், மறுநாளும் ரத்து. மூன்றாம் நாள்தான் கிளம்பினோம். அந்தத் திரட்டல் இன்னும் மிச்சம் இருந்ததால் லோக்ருமின் வெளிப்பக்கம் போகவில்லை. உள்பக்கமாகவே போய், தீவில் மயில் அகவுவதைக் கேட்டுக்கொண்டே பெட்டினாவுக்குத் திரும்பினோம். நம் ஊர் மயில் சத்தத்தை அங்கே கேட்டது அவளுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சுவருக்குக் கீழே வழிகாட்டி எல்லாப் படகையும் தெப்பமாகச் சேர்த்தார். லோவ்ரியெனாட்ஸின் 60 சென்டிமீட்டர் சுவர் பற்றி அவர் தொடங்கும் முன்பே பையன் சொல்லிவிட்டான், அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்போது ஒரு கண்ணாடித்தளப் படகின் அலை வந்தது. மனைவி என் படகின் விளிம்பை இடது கையால் பிடித்திருந்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. அலை கடந்து போனதும் அந்தக் கையை எடுத்து, விரல்களை விரித்து, தண்ணீரில் ஒருமுறை அளைந்தாள். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

கிராட்ஸ் சகோ, எழுதிக் கேட்டும் ஒரு சாண்ட்விச் பன்றி இறைச்சியோடுதான் வந்தது. வழிகாட்டி தன்னுடைய சீஸ் சாண்ட்விச்சைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். முழங்காலுக்குப் பின்பக்கம் சன் கிரீம் போட மறந்துவிட்டேன், இன்னும் எரிகிறது. அடுத்து போகிறவர்கள் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.